பதின்மூன்று வரிசைப் போர்வை

செசிலி: ...அந்த மூலையை இழுத்துப் பிடி, றோசாலி. தளர விட்டா துணி சுருங்கிரும்.

றோசாலி: பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்.

செசிலி: கை பிடிச்சிருக்கு. கண்ணு வாசல்ல இருக்கு. யாரைப் பாக்குறே?

றோசாலி: யாரையும் இல்ல. பனி இறங்குது, அதைப் பாத்தேன்.

செசிலி: அப்புத்தளைப் பனியை இன்னும் என்ன புதுசா பாக்குறது? நீ வந்து நாலு மாசமாச்சு.

றோசாலி: எங்க ஊர்ல இந்நேரம் வெயில் மண்டையைப் பொளக்கும்.

செசிலி: எனக்கும் அது ஊருதான்.

றோசாலி: ஆமா... மறந்துட்டேன்.

செசிலி: எனக்கே சில நாள் மறந்துபோகுது. நீ தை.

றோசாலி: இன்னிக்கே முடிக்கணுமா? பூசை முடிஞ்சு வந்து உக்காந்தவங்க, எந்திரிக்கவே இல்ல. பாஸ்குத் திருநாளுக்கு முடிச்சாப் போதும்னு சொன்னீங்க.

செசிலி: சொன்னேன். இப்ப இன்னிக்குன்னு சொல்றேன்.

றோசாலி: அதான் ஏன்னு...

செசிலி: விடிஞ்சா பெரட்டுக் களத்துல பேர் குடுக்க நிக்கணும். நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிட்டு வந்தா இந்தக் கை ஊசி பிடிக்காது. ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் எனக்கு.

றோசாலி: அடுத்த ஞாயித்துக்கிழமை வராதா?

செசிலி: பேச்சைக் குறைச்சு நூலைக் கோரு.

றோசாலி: கோத்தாச்சு. இந்தச் சாக்குத்துணிதான் கல்லு மாதிரி இருக்கு, ஊசி இறங்கவே... ஆ... பெரியம்மா...

செசிலி: குத்திருச்சா? காட்டு.

றோசாலி: ஒண்ணுமில்ல.

செசிலி: ரத்தம் வருது, ஒண்ணுமில்லைங்குறே. வாயில வச்சுச் சப்பு.

றோசாலி: வேணும்னு கூப்பிடல... பழக்கத்துல வாயில வந்துருச்சு.

செசிலி: ஊசி குத்தும்போது யோசிச்சா கூப்பிடுவாங்க? மூணு வயசுலேர்ந்து தூக்கி வளத்தவ அவ. அவ பேருதான் வரும்.

றோசாலி: கோவமா?

செசிலி: அக்கா மேல எனக்கென்ன கோவம்? ஒண்ணு கேக்கவா?

றோசாலி: கேளுங்க.

செசிலி: அவளை நீ, வா, போன்னுதானே பேசுவே?

றோசாலி: ஆமா.

செசிலி: என்னைய மட்டும் நீங்க, வாங்க, கேளுங்க... பங்களாவுல தொரைசாணிகிட்டப் பேசுற மாதிரி.

றோசாலி: மரியாதைதானே.

செசிலி: மரியாதைதான். நம்மள மாதிரியே பக்கத்து ஒத்தை அறைக் காம்பராவுல இருக்காளே கருப்பம்மா, அவ கேக்குறா, 'வந்திருக்கிறது மகளா, விருந்தாளியா'ன்னு.

றோசாலி: அவங்களுக்கு வேற வேலையில்ல. கட்டுன புருசனையே 'ஏ ஆளு'ன்னுதான் கூப்பிடுறாங்க. இந்த லயத்து வரிசை வீடு பூரா கேக்குது.

செசிலி: சிரிச்சுட்டே. நீ வந்ததுக்கு இது மூணாவது சிரிப்பு.

றோசாலி: எண்ணிக்கிட்டா இருக்கீங்க?

செசிலி: வேற என்ன வேலை எனக்கு... அந்தப் பக்கம் திருப்பு. அடித்துணி மடங்கிருக்கு பாரு.

றோசாலி: இந்த முதல் வரிசை மட்டும் ஏன் இப்படி நைஞ்சு கிடக்கு?

செசிலி: உனக்கு நாலு வயசானப்பத் தச்சது. என் கல்யாணச் சேலை முந்தானை.

றோசாலி: நாலு வயசுலயா? அப்ப இந்தப் போர்வை எனக்கா?

செசிலி: பின்ன யாருக்கு? கருப்பம்மாவுக்கா?

றோசாலி: நான் பங்களாவுக்குக் குடுக்கத் தைக்கிறீங்கன்னு நினைச்சேன்.

செசிலி: கந்தலை ஒட்டித் தச்சதைத் தொரைசாணி போத்திக்குவாளா? ஒரு வருசத்துல திரும்பிருவோம்னுதான் உன்னைய அக்காகிட்ட விட்டுட்டு வந்தோம். வருசம் திரும்புச்சு, நாங்க திரும்பல. பிள்ளைக்கு ஒரு போர்வையாவது அனுப்புவோம்னு ஆரம்பிச்சேன். தச்சு முடிக்கிறதுக்குள்ள நீ வளந்துட்டே. இன்னொரு வரிசை போட்டேன். அதுக்குள்ள இன்னும் வளந்துட்டே.

றோசாலி: நான் வளர்றது இங்க உங்களுக்கு எப்படித் தெரியும்?

செசிலி: அக்கா வருசா வருசம் கடுதாசிக்குள்ள ஒரு நூல் வச்சு அனுப்புவா. உன் உச்சந்தலைலேர்ந்து குதிகால் வரைக்கும் அளந்த நூல்.

றோசாலி: அதுக்கா அது? கிறிஸ்மஸ் வந்தா என்னையச் சுவத்தோட நிப்பாட்டி நூல் பிடிப்பா. எதுக்குன்னு கேட்டா, 'ஆடாம நில்லுடி, கோயில்ல நேர்ச்சை'ம்பா.

செசிலி: பொய் சொல்லத் தெரியாதவ. அப்படித்தான் ஏதாவது உளறுவா.

றோசாலி: இந்த வரிசை மட்டும் மத்ததைவிட அகலமா இருக்கே?

செசிலி: உன் பன்னெண்டாவது வயசு. அந்த வருசம் நூல் ஒரு சாண் கூடுதலா வந்துச்சு. பிள்ளை நல்லாச் சாப்பிடுறா போலன்னு சந்தோசப்பட்டேன்.

றோசாலி: அது... காய்ச்சல்ல ரெண்டு மாசம் படுத்து எந்திரிச்ச வருசம். எலும்பும் தோலுமா நீண்டு போயிருந்தேன்.

செசிலி: காய்ச்சலா? அவ எழுதவேயில்லையே.

றோசாலி: நீங்க பயப்படுவீங்கன்னு எழுதியிருக்க மாட்டா.

செசிலி: ம்... நானும் இங்க சந்தோசமா அகல வரிசை போட்டிருக்கேன்.

றோசாலி: நீங்களும்தான் எல்லாத்தையும் எழுதல. இந்தச் சின்னப் பூப்போட்ட துணி என்னது?

செசிலி: உன் தங்கச்சி கவுன். ஒன்றரை வயசு வரைக்கும் இருந்தா. அதுக்குப் பக்கத்துல வெள்ளைத் துண்டு, அது தம்பி. பதினோரு நாள்.

றோசாலி: எனக்கு இதெல்லாம் யாருமே சொல்லல.

செசிலி: நான்தான் சொல்ல வேணாம்னேன். இந்த நாலு வரிசையும் மாவுச் சாக்கு. சீமையில சண்டை நடந்த நாலு வருசமும் கடையில துணியே இல்ல. தேயிலைத் தண்ணில முக்கிக் காயப்போட்டுச் சாயம் ஏத்தினேன். நல்லாத்தானே இருக்கு?

றோசாலி: நல்லாயிருக்கு. என்னைய ஏன் முன்னாடியே கூப்பிடல?

செசிலி: ரெண்டு தடவை கூப்பிட்டேன். மொதத் தடவை ஊர்ல அம்மை போட்டிருக்குன்னு அக்கா நிறுத்திட்டா. ரெண்டாந்தடவை எல்லாம் ஆயத்தம். அப்பத்தான் தங்கச்சி போயிட்டா. இந்தக் குளிருக்கு இன்னொரு பிள்ளையைக் கொண்டாரதான்னு நானே வேணாம்னுட்டேன்.

றோசாலி: அப்புறம் இப்ப எதுக்கு...

செசிலி: உங்கப்பா போனப்புறம் இந்தக் காம்பரால தனியா இருக்க முடியல. கூப்பிட்டேன். அக்கா மறுபேச்சுப் பேசாம அனுப்பிட்டா.

றோசாலி: அவ அழுவல, தெரியுமா? ரயிலேத்திவிட வந்தா. நான் அழுவுறேன், அவ அழுவல. முறுக்கு எங்க வச்சிருக்கு, எதை மொதல்ல சாப்பிடணும்னு சொல்லிக்கிட்டே நின்னா. கப்பலேறுறதுக்கு முன்னாடி நோய் இருக்கான்னு பாக்க மண்டபம் முகாம்ல வெளிய விடாம வச்சிருந்த நாளெல்லாம் அதேதான் நினைப்பு. அவ அழுதிருந்தா எனக்கு இப்படி...

செசிலி: எப்படி?

றோசாலி: ஒண்ணுமில்ல. கத்திரிக்கோலைக் குடுங்க.

செசிலி: இந்தா. கடைசி வரிசைக்கு இந்தத் துணியை வெட்டு. கோடு போட்டிருக்கேன்.

றோசாலி: இது அப்பா சட்டையா?

செசிலி: ஆமா. கழுத்துப் பட்டையை வெட்டிராத, அதை எடுத்து வை... ஏன் நிறுத்திட்டே?

றோசாலி: அம்மா.

செசிலி: சொல்லு.

றோசாலி: வீரய்யா கங்காணி செவ்வாக்கிழமை ஊருக்குப் போறாராம்.

செசிலி: ம்.

றோசாலி: லயத்துலேர்ந்து ஏழெட்டுப் பேர் கூடப் போறாங்களாம். தலைமன்னார் வரைக்கும் ரயிலு, அப்புறம் கப்பலு...

செசிலி: இங்க ஒரு தையல் விட்டுப்போச்சு பாரு. இதைப் பிரிச்சுத்தான் போடணும்.

றோசாலி: நான் சொல்றதைக் கேளுங்க.

செசிலி: காது கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. கைதான் வேலை செய்யுது.

றோசாலி: போன வியாழக்கிழமை நீங்க மலைக்குப் போனப்புறம் கங்காணி வீட்டுக்குப் போனேன். என் பேரையும் அந்தக் கூட்டத்துல சேத்துக்கங்கன்னு கேட்டேன். அம்மாகிட்டச் சொல்லாதீங்கன்னும் கேட்டேன்.

செசிலி: அவரு என்ன சொன்னாரு?

றோசாலி: திட்டுவாருன்னு நினைச்சேன். ஒரு கேள்வி கேக்கல. சரி பிள்ளை, ரயிலுக்கு நேரத்தோட வந்துருன்னாரு. எனக்கே நம்ப முடியல.

செசிலி: என்கிட்ட எப்பச் சொல்றதா இருந்தே?

றோசாலி: தினமும் சொல்லணும்னுதான் வாயெடுத்தேன்... தெரியலம்மா. சொல்லாமலே போயிருப்பேனோ என்னமோ.

செசிலி: நெசத்தைச் சொல்றே. அது போதும்.

றோசாலி: உங்களைப் பிடிக்கலன்னு நினைச்சுராதீங்க. சோத்துல எனக்குத்தான் பெரிய பங்கு வைக்கிறீங்க, உங்க கம்பளியையும் எனக்கே போத்திவிட்டுட்டு நீங்க சாக்குல படுக்குறீங்க. எல்லாம் தெரியும். ஆனா காலையில முழிச்சதும் ஒரு நிமிசம் ஊர்லயே இருக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் தகரக் கூரை தெரியும். அந்த ஒரு நிமிசம்தான்... அதைத் தாங்க முடியல.

செசிலி: தெரியும். எனக்கும் அந்த நிமிசம் இருந்துச்சு. ரொம்ப வருசம் இருந்துச்சு.

றோசாலி: நீங்களும் வந்துருங்க. மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம். கங்காணிகிட்ட நான் கேக்குறேன்.

செசிலி: இங்க மூணு பேரை மண்ணுக்குள்ள வச்சிருக்கேன், தாயி. அந்த மேட்டுல புல்லு வளந்தா பிடுங்க வேற ஆளில்ல.

றோசாலி: அப்ப நானும் போகல. பேரை அடிக்கச் சொல்லிடுறேன்.

செசிலி: சும்மா இரு. அந்தச் சட்டைத்துணியைக் குடு, நான் ஒட்டுறேன். நீ அந்த ஓரத்தை மடிச்சுத் தை. வெளிச்சம் போறதுக்குள்ள முடிஞ்சிரும். நாளைக்கு வெயில்ல காட்டி, சுருட்டிக் கட்டிக் குடுத்துடுறேன். ரயில்ல ராத்திரி குளிரும்.

றோசாலி: நீங்க கோவப்படல. அழுவல. எப்படி வந்துச்சு இந்த யோசனைன்னுகூடக் கேக்கல. அதுக்குத்தான் இன்னிக்கே முடிக்கணும்னு உக்காந்தீங்களா? கங்காணி உங்ககிட்டச் சொல்லிட்டாரா?

செசிலி: அவரு எனக்குச் சொல்லல, நான்தான் அவருக்குச் சொன்னேன். நீ போனது வியாழக்கிழமை. நான் அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, செவ்வாக்கிழமையே போய் உன் பேரை எழுதச் சொல்லிட்டு வந்தேன், பிள்ளை தானா வந்து கேட்டா எனக்குத் தெரியாத மாதிரியே இருங்கன்னும் சொன்னேன். உன்கிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன், றோசாலி. போன வாரம் அக்கா கடுதாசி வந்துச்சு. கோயில் உபதேசியார்தான் படிச்சுக் காட்டினார். அனுப்பு, வான்னு ஒரு வார்த்தை இல்ல அதுல. 'பிள்ளை என்னையத் தேடுறாளா'ன்னு ஒரே ஒரு வரி. பதிமூணு வருசமா நான் அவளுக்கு எழுதச் சொன்னதும் அதே ஒரு வரிதான். அவளும் ஒவ்வொரு தடவையும் 'ஆமா, உன்னையத் தேடுறா'ன்னு பதில் போடுவா. மூணு வயசுப் பிள்ளைக்கு என் முகம் எங்கேர்ந்து ஞாபகம் இருக்கும், என் மனசுக்காகச் சொல்ற பொய்யின்னு தெரிஞ்சேதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப அவளுக்கு நான் 'ஆமா, தேடுறா'ன்னு எழுதினா அது பொய்யில்ல... அதை எழுதிட்டு உன்னைய இங்க பிடிச்சு வச்சுக்க எனக்கு மனசு வரல.