மொஸ்கோவைத் திறந்து விட்ட நாள்

— செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வா, ஹம்சி. முதல்ல ஒண்டைச் சொல்லு. வெண்டியோ, தோத்தியோ?

— அதுதான் அம்மா எனக்கே விளங்கேல்லை.

— எடி, உலகப்போரில என்ன விளங்காத தோல்வி? ஒண்டில் அவற்ற யுத்த தாங்கி உன்ர மொஸ்கோவுக்குள்ள நிக்கோணும், இல்லாட்டி உன்ர ஆக்கள் பேர்லினுக்குள்ள நிக்கோணும்.

— ரெண்டும் இல்லை. லிஃப்டும் வேலை செய்யேல்லை, நாலு மாடி ஏறி வாறன். கொஞ்சம் மூச்சு விட விடுங்கோ.

— விடு, விடு. தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கிறன். கலியாணப் பேச்சு என்ன மாதிரி? மாப்பிள்ளையின்ர தேப்பன், ஹியூபேட், ஏதும் வாய் திறந்தவரோ?

— ஒரு சொல்லும் இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு அம்மா. ஜெறாட்டின்ர அப்பா என்னை வேண்டாம் எண்டு நினைச்சிட்டார் எண்டால், ஜெறாட் அவரை எதிர்த்துக்கொண்டு வரமாட்டான். வந்தாலும் எனக்கு அப்பிடி ஒரு கலியாணம் வேண்டாம்.

— கண்ணைத் துடை. துடைச்சிட்டு முதல்ல இருந்து வா. நான் சொன்ன மாதிரித்தானே விளையாடினனி?

— அப்பிடியே தான். மூண்டு கிழமையா இந்தச் சாப்பாட்டு மேசையில விளையாட்டுப் போட்டை விரிச்சு, நீங்கள் ஜேர்மனியா இருந்து என்னை நார்நாராக் கிழிச்சனீங்கள், அது மறக்குமோ? ரஷ்யாவுக்கு வேலை ஒண்டே ஒண்டு. அமெரிக்காக் கப்பல் வந்து சேருமட்டும் மொஸ்கோவை விடாமப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது. தாங்கி வாங்கி எடுப்புக் காட்டாமல் காலாட்படையைக் குவிக்கிறது.

— ஓம். தலைநகரம் போனால் எல்லாம் போச்சு. பிறகு?

— ஹியூபேட் அங்கிள் ஜேர்மனியும் ஜப்பானும். மிச்சம் எல்லாம் நான். அம்மா, அந்தாள் எப்பிடி விளையாடுவார் எண்டு கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரியும். போன நத்தார்ப் பண்டிகைக்குப் பிறிஜெற் அன்ரியின்ர லண்டனைப் பிடிச்சதில, மனிசி கோழி பொரிக்கிறதை அரைவாசியில விட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவவாம். சொந்தப் பெண்சாதிக்கே அந்தப் பாடு.

— உதெல்லாம் ஜெறாட் சொன்னதோ?

— ஓம். வீட்டில சட்டமும் ஒண்டு கிடக்கு. காயை வச்சுக் கையை எடுத்தால் எடுத்தது தான். கடவுள் வந்து கேட்டாலும் திருப்பி வைக்க விடமாட்டாராம். துறைமுகத்தில முப்பது வரியம் கப்பல் ஓட்டிக் கொண்டுவந்த மனுசன், ஓடத் தொடங்கின கப்பலை நினைச்ச உடன பின்னுக்கு எடுக்க ஏலாது எண்டு சொல்லுவாராம்.

— ம். அஞ்சு சுற்று மொஸ்கோவைப் பிடிச்சு வச்சிட்டு, ஆறாவது சுற்றில என்ன செய்தனி?

— நீங்கள் சொன்னதைத் தான். மொஸ்கோவில நிண்ட எல்லாரையும் கிளப்பிக் கிழக்குப் பக்கம் அனுப்பினன். ஒரு குருவி இல்லை அங்க. அவற்ற மூண்டு தாங்கி பக்கத்துக் கட்டத்திலயே நிக்குது.

— கையை எடுத்தனியோ?

— எடுத்தன். ஜெறாட் மேசைக்குக் கீழால காலில உதைக்கிறான். அவனுக்குத் தெரியாதே, நான் மரியாதையாத் தோக்க வந்தனான் எண்டு. வருங்கால மாமாவை முதல் நாளே வெல்லக் கூடாது எண்டு தானே நீங்கள் அப்பிடிச் சொல்லித் தந்தனீங்கள்.

— நான் என்னத்துக்குச் சொன்னன் எண்டதை விடு. அவர் என்ன செய்தவர்? அதைச் சொல்லு, ஒண்டும் விடாமல்.

— கண்ணாடியைக் கழட்டித் துடைச்சவர். திருப்பிப் போட்டவர். மொஸ்கோவைப் பாத்தவர், என்னைப் பாத்தவர். பிறகு மெதுவாக் கேட்டவர், "மகள், கைய எடுத்தாச்சா? அவசரமில்ல, நல்லாப் பாத்துட்டு வைங்க" எண்டு.

— அப்பிடியோ கேட்டவர்?

— ஓம். ஜெறாட் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறான். நான் எடுத்திட்டன் அங்கிள் எண்டன். பிறகும் கேட்டவர், "கை படல்லன்னு நினைச்சுக்கங்க, திரும்ப வைங்க" எண்டு. நான் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் எண்டு நிண்டன். அதுதான் இடம், அங்கிள் எண்டன்.

— சரி. தாங்கியை எடுத்து மொஸ்கோவுக்குள்ள வச்சவரோ?

— எகிப்துக்கு அனுப்பினவர்.

— எங்க?

— எகிப்துக்கு. மூண்டு தாங்கியும். ஜெறாட் கத்தினான், "டடா, மொஸ்கோ!" எண்டு. தனக்குக் கண் தெரியும், எகிப்து முக்கியம் எண்டார். எகிப்தில என்ன கிடக்கு அம்மா? மண்ணு கிடக்கு.

— ஹா. எகிப்தாம்.

— சிரியாதேங்கோ. நான் பதறிப்போனன். அடுத்த சுற்றில லண்டனையும் வெறுமையா விட்டன். அவர் தன்ர கப்பலெல்லாம் பழுது, திருத்த வேணும் எண்டார். பிளாஸ்டிக் கப்பல் அம்மா, எப்பிடிப் பழுதாகும்? பிறகு பாத்தால் அவற்ற பேர்லினில ஆருமில்லை. என்ர அமெரிக்கன் படை பக்கத்தில நிக்குது. நான் எப்பிடி உள்ளுக்குப் போறது? மாமாவின்ர தலைநகரம். நோர்வேக்குப் போனன்.

— அட கடவுளே.

— ரெண்டு மணித்தியாலம். தட்டில கடைசி ரோல்ஸ் கிடக்க, நீங்க எடுங்க, நீங்க எடுங்கோ எண்டு ஒருத்தரும் தொடாத மாதிரி. மெய்யாவே தட்டிலயும் ஒரு ரோல்ஸ் கிடந்தது, அதையும் ஆரும் தொடேல்லை. கடைசியாப் பிறிஜெற் அன்ரி குசினியில இருந்து வந்து, யாராவது யாரையாவது புடிச்சுத் தொலைங்க, மஞ்சச் சோறு ஆறுது எண்டு பேசினவ. அதோட சண்டை நிண்டுது.

— சாப்பிட்டியோ?

— சாப்பிட்டன். தட்டைக் கையில வச்சுக்கொண்டு தான், மேசையில போட் எல்லோ கிடக்கு. எனக்கு விளங்கிற்று அம்மா. பெண்சாதிக்கே விட்டுக்குடுக்காத மனுசன் எனக்கு விட்டுக்குடுக்கிறார் எண்டால், என்னை ஒரு ஆளாவே கணக்கெடுக்கேல்லை. விளையாடவும் தகுதியில்லாத விசரி எண்டு நினைச்சிட்டார். வாற வழியெல்லாம் ஓட்டோவுக்க அழுதுகொண்டு வந்தனான்.

— வெளிக்கிடேக்க என்ன சொன்னவர்?

— அடுத்த ஞாயிறும் வாங்க மகள், போட் அப்பிடியே இருக்கும், யாரையும் தொட விடமாட்டேன் எண்டவர். பிறிஜெற் அன்ரி, அப்ப ஒரு கிழமைக்கு நாங்க எங்க வச்சுச் சாப்பிடுறது எண்டு கேட்டவ. மடியில வச்சுச் சாப்பிடு எண்டவர். அவருக்குப் போட் தான் பெரிசு.

— அப்பாடா.

— என்ன அப்பாடா? ஏன் அம்மா கதிரையில இருந்திட்டீங்கள்? மேல் ஏலாமல் இருக்கோ?

— ஒண்டுமில்லை. மூண்டு கிழமையா நெஞ்சுக்க கிடந்த கல்லு இறங்குது. இரு, கதைக்கிறன். நான் உன்ர அப்பாவைக் கட்டி, அந்த வீட்டுக்கு மருமகளாக் கால்மாறிப் போன அண்டு, உன்ர அப்பப்பா என்னோட முன்னூத்திநாலு விளையாடினவர். தெரியுமே?

— தாள் விளையாட்டோ? நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை.

— சொல்லுற கதையோ அது? சபை நிறைய ஆக்கள். நான் பயத்தில துரும்பை மாறி இறக்கிப்போட்டன். மாமா, எடுக்கட்டோ எண்டு கேட்டன். வச்சது வச்சது தான் எண்டவர். எல்லாரும் சிரிச்சினம், அவர் தான் முதல்ல சிரிச்சவர். அதுக்குப் பிறகு அந்த வீட்டில பத்தொன்பது வரியம், நான் தவறி வச்ச ஒரு சொல்லையும் அவர் திருப்பி எடுக்க விட்டதில்லை.

— அம்மா...

— உப்புக் கூடினாலும் அதே சிரிப்பு. நீ பொம்பிளைப் பிள்ளையாப் பிறந்ததுக்கும் அதே சிரிப்பு. தாள் மேசையில மனுசர் நடிக்க ஏலாது, ஹம்சி. ஒருத்தன்ர கையில நீ வசமா அகப்பட்டு நிக்கேக்க அவன் என்ன செய்யிறான் எண்டதில கிடக்கு எல்லாம்.

— அப்ப மொஸ்கோவைத் திறந்து விடச் சொன்னது நான் மரியாதையாத் தோக்கிறதுக்கு இல்லையோ?

— தோக்கச் சொல்லி நான் எப்ப சொன்னனான்? திறந்து விடு எண்டு தான் சொன்னனான்.

— ஆனா அவர் என்னைப் பாக்கத்தானே கூப்பிட்டவர். அவர் ஓம் எண்டால் நீங்களும் ஓம் எண்டு தானே...

— நான் எப்ப ஓம் எண்டனான்? முதல்ல போயிட்டு வா, பிறகு பாப்பம் எண்டு தான் சொன்னனான். உன்னைப் பாக்கிறதுக்கு அவருக்கு என்ன கிடக்கு? நான் பாக்க வேண்டி இருந்தது அவரை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் பிறிஜெற்றுக்கு ஃபோனைப் போட்டுத் தா, பொம்பிளை வீட்டுக்கு ஓமாம் எண்டு சொல்ல வேணும்.