மோட்டார் போட்ட தெரு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். பூவும் பழமும் மடியில் வைத்திருந்த மூத்தவர் சொன்னார்:

“மவளப் பிரசவத்துக்கு அனுப்பாதீங்க, நீங்களே வச்சுக்குங்கன்னு சம்பந்தி வூட்டுல சொல்லத்தான் போறேன்.”

“தலைப்பிரசவமாச்சேக்கா! ஊரு சிரிக்காது?”

“சிரிக்கட்டும். குழாய்த் தண்ணியில சாக்கடை நாத்தம். அதுல பச்சப்புள்ளயக் குளிப்பாட்டவா?”

“முனிசிபாலிட்டி ஆபீஸ்ல சொன்னீங்களா?”

“வந்து பாத்தாங்க. குழாயில எங்கயோ ஓட்டையாம். தெருவே மோட்டார் போட்டு உறிஞ்சுறதுல சாக்கடையும் உள்ள வருதாம். எல்லாரும் மோட்டாரக் கழட்டுங்கன்னாங்க.”

“கழட்டுனாங்களா?”

“எதுத்த வூட்டுல மொதல்ல கழட்டட்டும்கிறாங்க.”

“நீங்கக்கா?”



“நான் மட்டும் கழட்டுனா எனக்குச் சொட்டுத் தண்ணி வராதுடி.”

பக்கத்தில் இருந்த என் மகள் தண்ணீர் கேட்டாள். காலையில் கொதிக்க வைத்ததுதான். நன்றாகக் கொதித்ததா என்று இப்போது சந்தேகம் வந்தது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

“மவகிட்ட சொல்லிட்டீங்களாக்கா?”

“இல்லடி. அழைச்சிட்டுப் போக வரேன்னு நெனச்சு, பையெல்லாம் கட்டி வச்சிருக்காளாம்.”