மெரட்சி தெளியறதுக்கு

இந்தக் கை கழுவற நோவு நூத்துக்கு ரெண்டு புள்ளைங்களுக்கு இருக்குமுங்களா? ஏனுங்க டாக்டரம்மா, எங்க கோமளா படிக்கற பள்ளிக்கோடத்துல எண்ணூறு புள்ளைங்க. அப்ப பதினாறு பேரு பைப்படியில கையத் தேச்சுட்டு நிக்கோணுமே, எங்கீங்க நிக்கறாங்க? என்ற மக ஒருத்திதேன் நின்னா. இப்பப் பூச்சி மருந்தக் குடிச்சுப்போட்டு உங்க ஆஸ்பத்திரியில கெடக்கறா.

ஓ, மறைச்சுக்குவாங்களா? செரி செரி. இவளும் மறைச்சாளுங்க. பதினாறு வயசு, குளிக்கறேன்னு போனா ஒரு மணி நேரம். வாரத்துக்கு நாலு சோப்பு. கையப் பாத்தீங்கல்ல, வெடிச்சு ரத்தமா கெடக்குது. நாங்கூட, பரவால்லியே, போற ஊட்டுல சுத்தக்காரின்னு பேரு வாங்குவான்னு நெனச்சேன், போங்க.

எப்பருந்துங்களா? ஆடி மாசமுங்க. பருத்திக்கு மருந்தடிச்ச டப்பா ஊட்டு முன்னால ஆசாரத்துல கெடந்துச்சு, எடுத்து ஒதுக்கி வெச்சா. நாஞ் சும்மா வெளையாட்டுக்கு, கண்ணு, அந்தக் கையில சோறு போட்டீன்னா உங்கம்மா குளோஸுன்னேன். சிரிக்கத்தானுங்க சொன்னேன். அன்னிக்குப் புடிச்சுது. அப்பறம் அவங்கம்மாளத் தொடவே மாட்டேனுட்டா.

எங்களுது பங்காளிக் கெணறு பாருங்க. ஒரு நாள் எங்க மொறை, ஒரு நாள் அவங்க மொறை. எங்க மொறைத் தண்ணிய இவ கையிலயே ஊத்திட்டா காட்டுக்கு என்னத்தப் பாய்ச்சறது? சொல்லிப் பாத்தேன். அடிச்சும் பாத்தேன். ஆமாங்க, பெத்தவன் அடிக்காம?

அப்பவே கூட்டீட்டு வந்திருக்கலாமுங்களா? நல்லாச் சொன்னீங்க. நாங்க பஸ்ஸேறி ஊரு சேர்றதுக்குள்ள கிறுக்கின்னு பேரு கட்டிப்போடுவாங்க. எஸ்.டி.டி. பூத்துக்காரன் ஒருத்தன் போதும். அப்பறம் எவனுங்க பொண்ணு கேட்டு வருவான்?

அதுனால எனக்குத் தெரிஞ்ச வைத்தியத்தப் பண்ணுனேன். லாரியக் கண்டு கன்னு மெரண்டா என்னுங்க பண்ணுவோம்? ரோட்டோரத்துலயே கட்டிப்போடுவோம். மூணே நாள்ல தெளிஞ்சுரும். முப்பது வருசமா மாடு பழக்கறேன், ஒண்ணு தப்புனதில்லீங்க.

எவ்வளவு குடிச்சான்னு தெரிஞ்சாத்தேன் வைத்தியமுங்களா? நர்சம்மாவும் அதத்தேன் கேக்குது. அதுக்குத்தானுங்க வாரேன். அவ குடிக்கலீங்க. குடிச்சுட்டான்னு நாந்தேன் ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுத வெச்சேன், பயத்துல.

சனிக்கெழம காத்தால அவ ரெண்டு கையிலயும் மருந்த நானே தேச்சு உட்டேன். பாரு கண்ணு, ஒண்ணும் ஆகாதுன்னேன். கால்ல உழுந்தா, கேக்கல. மோட்டாருப் பீசப் புடுங்கிச் சட்டப் பையில போட்டுட்டு, கொடத்துத் தண்ணி, தொட்டித் தண்ணி எல்லாத்தையும் கவுத்துப்போட்டு, ரூமுல தள்ளிப் பூட்டுனேன். ரெண்டு மணி நேரந்தானுங்க. கொஞ்ச நேரங் கத்துனா, அப்பறஞ் சத்தமே இல்ல. தெளிஞ்சுட்டாளாட்ட இருக்குதுன்னு சந்தோசமாத்தேன் தொறந்தேன்.

கை ரெண்டும் பளிச்சுன்னு இருந்துச்சுங்க. தண்ணியில்லீங்கல்ல, நாக்குலயே நக்கிச் சுத்தம் பண்ணிப்போட்டா.