ரெண்டாம் பக்கம், மூணாவது பாட்டு

— பெட்டிய உள்ளுக்கு வெக்காத ஸலாஹுதீன். வந்த பஸ்ஸிலயே பொத்துவிலுக்குக் கொண்டுபோ.

— அல்லாஹ்வே! மூணு மணித்தியாலம் மடியில பிள்ளையப்போல வெச்சிக் கொண்டுவந்திரிக்கன். ஒரு மிடறு தண்ணி தந்துபோட்டு ஏசன், றினாஸ்.

— ஏசல்ல. எங்கட பேண்ட் முடிஞ்சி. ட்ரம்ஸ் அடிக்கிற அஹ்ஸன், எனக்கிட்ட ஒரு வார்த்த செல்லாம கத்தாருக்குப் போய் ஏழு மாசம். ஆளில்லாத பேண்டுக்கு என்னத்துக்கு ரெக்கோட்?

— அவன் போக முன்னமே பதிஞ்சி தந்தீங்கதானே. ஒரே தட்டு. ஒரு பக்கம் பொத்துவில் நாங்க, மத்தப் பக்கம் மருதமுனை நீங்க. பேசின பேச்சு மாறல்ல மச்சான்.

— பக்கத்துக்கு மூணு பாட்டு எண்டுதானே பேச்சு. நாங்க தந்தது ரெண்டு. வெக்கமாயிரிக்கிடா.

— மூணு இரிக்கி. அட்டைய வாசி.

— ‘கரண்ட் போன வெள்ளி’... இது என்ட பாட்டு! இத நாங்க பதியவே இல்லியே!

— தட்டப் போடு, மறுகா கத. எங்கட ஊருல ஒருத்தன்ட்டயும் இதப் போடுற மெசின் இல்ல. ஒன்ட ரேடியோக் கடையிலதான் இரிக்கி.

— அலையில விளையாட வந்த வெள்ளக்காரனப் புடிச்சி நூறு தட்டு அடிப்பிச்சிப்போட்டு, கேக்க மெசின் இல்ல! பொப் பங்க் பாட்டுக்காரன் எண்டா இப்பிடித்தாண்டா.

— சிரிச்சிட்டாய்! போடு, போடு.

— கிற்றார் ஒன்ட. அந்த அவசரம் எனக்குத் தெரியும். பொறு... பாடுறது ஆரு? குரலக் காணல்லியே.

— ஒருத்தரும் பாடல்ல. அந்த இடம் ஒனக்கு விட்டது. இண்டைக்கு அசர் தொழுகைக்குப் புறகு நெல்லு ஸ்டோர்ல ரெண்டு பேண்டும் வாசிக்கிறம். தட்டுக்கு மேல நீ பாடு.

— ட்ரம்ஸ்... நாலாவது அடிக்குக் கொஞ்சம் பிந்துறான். ஸலாஹுதீன், இப்பிடிப் பிந்துறவன் துனியாவுல ஒருத்தன்தான்!

— ஓம், அஹ்ஸன்தான். அங்க வேலையாக்கள்ட கேம்புக் கட்டிலுல இரிந்து பெயின்ட் வாளியில அடிச்சி, போன்ல பதிஞ்சி அனுப்பினான். அதுக்கு மேலதான் நாங்க வாசிச்ச. ஒனக்கிட்ட செல்ல வந்திரிந்தா, ஒன்ட மூஞ்சப் பாத்துப்போட்டுப் போயிரிக்கவே மாட்டானாம்.

— விசரன்... ஐயோ, சத்தம் நிண்டுட்டு! தட்டு பழுது!

— கை வெக்காத! பழுதில்ல. அவன் அடிக்கக்குள்ள அங்க பள்ளிவாசல்ல தொழுகைக்கு வாங்கு செல்லியிரிக்கி. ஊருக்கு ஒளிச்சி, தறிக் கொட்டில்ல கதவப் பூட்டி வாசிக்கக்குள்ள, வாங்கு கேட்டா நீங்க என்ன செய்வீங்க?

— அப்பிடியே நிப்பாட்டுவம். முடிஞ்சாப் புறகு, விட்ட இடத்துல இரிந்து...

— அவன் நிப்பாட்டின இடத்துல நாங்களும் நிப்பாட்டினம். முழு நேரமும் விடத் தட்டுல இடம் காணா. ஒரு நிமிசமளவு விட்டம். வெட்டி எறிய மனம் வரல்ல மச்சான்.

— அல்ஹம்துலில்லாஹ். ஒங்களுக்கு நான் என்னத்தடா செய்வன்? என்னக் கேட்டிரிந்தா எங்கட பக்கத்தையும் ஒங்கட பாட்டாலயே நிரப்பச் செல்லியிரிப்பன். நீங்க எனக்கு அவனக் கொண்டுவந்து தந்திரிக்கீங்க.

— உஷ்! அழாம தட்டக் கேளு. இப்ப வரும் அவன்ட குரல்.

— ...வாங்கு முடிஞ்சி, றினாஸ். கோவிக்காம வா. ஒண்டு, ரெண்டு, மூணு...