லாமாருக்காக நான் கேட்ட கருணை

கூட்டத்தில் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஓக்லஹாமாவில் கருணை மனு விசாரணையன்று நன்றாகவே பேசினேன். "எங்க வீட்ல ஒரு சாவு போதுங்க. என் அண்ணனைக் கொன்னவனை நான் மன்னிச்சிட்டேன். லாமாரைச் சாகடிக்காதீங்க" என்றேன். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

லாமார் எங்கள் டிராக்டர் பட்டறையில் வேலை செய்தவன். மண்டை பிளந்து கிடந்த அண்ணன் ராய்ஸை முதலில் பார்த்ததும் அவன்தான். தூக்கி மடியில் கிடத்தியதில் சட்டையெல்லாம் ரத்தம். அந்தச் சட்டையைக் காட்டித்தான் அவனுக்கு மரண தண்டனை வாங்கினார்கள்.

அவன் அம்மா வெர்டெல் என்னைத் தேடி சர்ச்சுக்கே வந்தாள். "செத்தவங்க வீட்டு ஆளு கேட்டா கவர்னர் தட்டமாட்டாராம். நீங்கதான் மனசு வைக்கணும் தம்பி." அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சரி என்றேன்.

ஒத்துக்கொள்ளாதவன் லாமார்தான். சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "பண்ணாததுக்கு எதுக்கு சார் கருணை? அவரை அடிச்ச ஸ்பேனர்ல யார் கை பட்டிருக்குன்னு சோதனை பண்ணட்டும். வக்கீலம்மா அதுக்குத்தான் அலையறாங்க" என்றான்.

"அதுக்குள்ள விஷ ஊசி போட்டுட்டா என்னடா பண்ணுவே? மனுவுல கையெழுத்துப் போடு. உசுரோட இருந்தா மத்ததைப் பாத்துக்கலாம்."

போட்டான். தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. சாகப்போகிறவனுக்குத்தான் கடைசி வரை அரசுச் செலவில் வக்கீல். ஆயுள் கைதிக்கு இல்லை. வக்கீலம்மா விலகிவிட்டார். ஸ்பேனர் கோர்ட்டுக் கிடங்கிலேயே கிடக்கிறது. இப்படித்தான் ஆகும் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

பட்டறையை விற்பது பற்றிப் பேசும்போது அண்ணன் என்னைத் தண்டச்சோறு என்றான். தினமும் சொல்வதுதான். அன்று என் கையில் ஸ்பேனர் இருந்தது. லாமார் ஓடி வருவதற்குள் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன்.

தண்டனை குறைந்த அன்று வெர்டெல் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பீச் பழம் வைத்து 'பை' என்கிற பலகாரம் சுட்டுக் கொண்டுவந்தாள். கூனிக்குறுகிப் போனேன், ஆனாலும் தின்றேன். போன குளிர்காலத்தில் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஞாயிறுதோறும் லாமாரைப் பார்க்கப் போகிறேன். அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. "ஸ்பேனர் விஷயமா யார்கிட்டயாவது கேட்டீங்களா சார்?" என்பான்.

"கேட்டுக்கிட்டேதான்டா இருக்கேன்."

யாரிடமும் கேட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுகூடச் சில நாள் தோன்றும். சொன்னால் என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். அப்புறம் பாவம், அவனை வந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?