கீழிருந்து வரும் கை

மேடம், உங்கள் போனுக்கு ஓர் உறை வாங்கிப் போடுங்கள். ஓரத்தில் கீறல் விழுந்திருக்கிறது. அந்த மாடலுக்கு விளம்பரம் செய்தவன் நான், அதனால் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

என் பெயர் லக்ஷ்மிநரசிம்மன் என்பதும் பென்னலூரில் ஸ்டூடியோ வைத்திருப்பதும் உங்களுக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து எடுப்பதில்லை. போன், டிவி, வாட்ச், இவைதான் என் தொழில். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பாண்டுரங்கனுக்கு இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளின் பேனர் எல்லாம் நான் செய்ததுதான்.

போன் விளம்பரத்தில் யாரும் போனைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள். முகத்தைக் காட்டினால் அது அந்த முகத்துக்காரியின் போன் ஆகிவிடும். கை மட்டும் படத்தின் கீழ் ஓரத்திலிருந்து வரவேண்டும். உங்கள் கை எங்கிருந்து நீளுமோ, அங்கிருந்து. வளையலோ மோதிரமோ இருந்தால் அது வேறு யாரோ ஒருத்தியின் கை. கை சின்னதாக இருந்தால் திரை பெரிதாகத் தெரியும். திரையில் தெரியும் கடலும் பூவும் பிறகு ஒட்டுபவை. பிடித்திருப்பது உள்ளே ஒன்றுமில்லாத டம்மி. இதை ஏமாற்று என்பார்கள். வாங்கிப்போனவர்கள் யாரும் என்னிடம் வந்து அப்படிச் சொன்னதில்லை.

பாண்டிச்செல்வி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இங்கே ஒரு கம்பெனியில் போன் தயாரிக்கும் லைனில் வேலை பார்த்தாள். ஷிப்ட் முழுக்கக் கையுறை. நகம் வளர்க்கக் கூடாது, வளையல் கூடாது, மருதாணி கூடாது. எனக்கு வேண்டியதையெல்லாம் கம்பெனியே செய்து வைத்திருந்தது. காண்ட்ராக்ட் முடிந்து ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்ன அன்று, பையும் கையுமாக வந்து பாண்டுரங்கன் கடையில் தன் போனை ரிப்பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மேஜை மேல் அவள் கை இருந்தது. ஸ்டூடியோ மாடியில் அறை இருக்கிறது, மாதச் சம்பளம் தருகிறேன் என்றேன். அவள் அம்மா செல்லக்கனியிடமும் நானே பேசினேன். பொம்பளப்பிள்ளை, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொண்டேன்.

முதல் பேனரே பிய்த்துக்கொண்டு போனது. பாண்டுரங்கன் ஆளே மாறிவிட்டார். "இந்தக் கைதான் சார் ஓடிக்கினு கீது. வேற எதுவும் வேணாம், இதையே புடி" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கைக்கு நான் பொறுப்பாளி ஆனேன். இதை நீங்கள் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

பாத்திரம் தேய்த்தால் தோல் சொரசொரக்கும், நானே தேய்த்தேன். துணி துவைத்தேன், சமைத்தேன். இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு அப்படி வாய்த்திருக்கிறது, சொல்லுங்கள். வெளியே போனால் வெயில், பஸ் கம்பி, கொசு. வேண்டாம் என்றேன். ஊருக்குப் போய்வருகிறேன் என்று கேட்க ஆரம்பித்தாள். ஜன்னலை அடைத்தேன். கதவை வெளியிலிருந்து சாத்தினேன். பூட்டு போட்டதும் நான்தான், ஆனால் அது ஸ்டூடியோ சாமான்களுக்கும் சேர்த்துப் போட்ட பூட்டு.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, இந்தக் கை கெட்டுப்போச்சுன்னா என்னய விட்ருவீங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். கையைக் கெடுக்கக்கூடியது எதெல்லாம் அறையில் இருக்கிறது என்று பார்த்தேன். அன்றே அறையிலிருந்து தட்டு, டம்ளர், கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கம்பெனியில் போட்டுப் பழகிய அதே மாதிரிக் கையுறையை வாங்கிவந்து மாட்டி, மணிக்கட்டில் டேப் சுற்றினேன். சோற்றை நானே ஊட்டினேன். பெற்ற தாய்கூட அந்த வயதுப் பெண்ணுக்கு ஊட்டமாட்டாள்.

அவள் போன் என்னிடம் இருந்தது. செல்லக்கனிக்கு நான் படங்கள் அனுப்பினேன். முதல் வாரம் எடுத்த சிரித்த முகம் ஒன்று இருந்தது. அதை மெரினாவில் நிறுத்தினேன், உடையவர் கோயில் கோபுரத்தின் முன்னால் நிறுத்தினேன், ஏசி ஆபீஸில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழுந்தால் போதும், மீதியை மனசே நிரப்பிக்கொள்ளும். அந்த அம்மா ஊர் முழுக்கக் காட்டினாராம். மகள் சிவந்துவிட்டாள் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. பதிலுக்குக் குரலைப் பதிந்து அனுப்புவார். "படமா அனுப்புறியே தாயி, ஒரு வார்த்த பேசு." சந்தோஷப்படட்டும் என்று ஒருமுறை அதைப் பாண்டிச்செல்விக்குப் போட்டுக் காட்டினேன். அழுதாள். முகம் படத்தில் வருவதில்லை என்பதால் வேலை கெடவில்லை.

தீபாவளி பேனருக்கு நாள் குறித்திருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது பென்னலூரில் வீட்டுக்கு வீடு டெங்கு. நான் அலட்சியமாக இருக்கவில்லை. கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் விவரம் சொன்னேன். உடனே கூட்டி வாருங்கள், டிரிப்ஸ் ஏற்றவேண்டும் என்றார். ஊசியை எங்கே குத்துவீர்கள் என்று கேட்டேன். புறங்கையில் என்றார். புறங்கையில் குத்தினால் நீலம் பாய்ந்து அது மறையப் பல நாளாகும். வீட்டுக்கு வந்து மாத்திரையும் கஞ்சியும் கொடுத்தேன்.

அந்த நீலத்தைக் கம்ப்யூட்டரில் அழித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். அழித்திருக்கலாம். ஆனால் மேடம், என் விளம்பரத்தில் போன் பொய், கடல் பொய், பூ பொய். கை ஒன்றுதான் நிஜம். அதிலும் கைவைத்தால் எனக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்? தொழிலில் நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

நாலாம் நாள் காலை கஞ்சியோடு மேலே போனேன். அவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். புதைத்த இடத்தை இன்று உங்கள் ஆட்களுக்குக் காட்டிவிட்டேன். செல்லக்கனி ஊரிலிருந்து நேரில் வந்து நின்றதால்தான் இவ்வளவும் நடந்தது. அதுவரை என் படங்களில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹைவே ஓரமாகத் தீபாவளிக்கு வைத்த பெரிய பேனருக்கான படத்தை அந்த நாலாம் நாள் மதியம்தான் எடுத்தேன். கையுறையைக் கழற்றி, கையை வெந்நீரில் கழுவித் துடைத்து, டம்மியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மடித்துவிட்டேன். நேரம் ஆக ஆக அவை தாமாகவே இறுகிப் பிடித்துக்கொண்டன. நிறத்துக்கு விளக்கை மட்டும் கொஞ்சம் மஞ்சளாக்கினேன். கம்பெனி பஸ்ஸில் போகும் பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். அந்த மாடல் கடையில் நிற்கவே இல்லை என்று பாண்டுரங்கன் சொன்னார்.

அதற்கு முன்னால் எடுத்த எல்லாப் படங்களிலும் போனைக் கொடுத்ததும் அவள் கை நடுங்கும். ஒரு நல்ல படத்துக்காகத் திரும்பத் திரும்ப எடுப்பேன். அன்று துளியும் நடுங்கவில்லை, முதல் படமே சரியாக விழுந்தது. கடைசியில் அவளுக்கு என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.