வார்னிஷ் தேய்ந்த இடம்

மரத்தரையை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. பதினாறு வருடமாக இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இன்றைக்குத்தான் ஒருவர் ஐந்து தாளும் ஒரு பேனாவும் கொடுத்து, "நடந்ததை நிதானமா எழுதுங்க, அவசரமே இல்ல" என்று சொல்லியிருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே வந்திருப்பேன். யாரும் புகார் கொடுக்காத விஷயத்துக்கு ஒரு மனிதன் தானே நடந்து வந்து உட்கார்ந்திருப்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அதனால் தரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் கூடைப்பந்து உள்ளரங்கத்தின் பராமரிப்பாளர். சம்பளச் சீட்டில் தொழில்நுட்ப உதவியாளர் என்று இருக்கும். விளையாடுகிறவர்கள் தரைக்காரர் என்பார்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை உலர்ந்த துடைப்பம் போட வேண்டும். வலை கிழிந்தால் மாற்ற வேண்டும். ஆட்டத்தின் நடுவில் யாராவது விழுந்து வியர்வை சிந்தினால் துண்டோடு ஓடிப்போய்த் துடைத்துவிட்டு, கேமராவில் விழாமல் திரும்பி வர வேண்டும். என் தரையில் பதினாறு வருடத்தில் ஒருவர்கூட வழுக்கி விழுந்ததில்லை. இதற்கு விருது எதுவும் கிடையாது.

தரைக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வார்னிஷ் அடிப்போம். அதற்கு முன்னால் குனிந்து பார்த்தால் எந்த ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்புகிறார் என்பதெல்லாம் தரையிலேயே இருக்கும். ஒரே இடத்தில் ஆயிரம் தடவை காலை ஊன்றித் திரும்பினால் அந்த இடத்தில் வார்னிஷ் மங்கிப்போகும். பயிற்சியாளர் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கண்டுபிடிப்பதை நான் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கண்டுபிடித்துவிடுவேன். ஒரு பையன் தேய்த்தது பெஞ்சுக்கு முன்னால் மட்டும்தான். அவனைத்தான் வருங்கால நட்சத்திரம் என்று பத்திரிகையில் போட்டார்கள்.

வருங்காலம் என்பது நல்ல வார்த்தை. அதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. பள்ளி அணி, மாவட்ட அணி, கோடை முகாம், அகாடமி, இரண்டாம் நிலை கிளப், அதற்குப் பிறகு முதல் நிலை கிளப் என்று வரவேற்பறைச் சுவரில் பெரிய படமே மாட்டியிருக்கிறார்கள். அம்புக்குறி எல்லாம் மேலே பார்த்துத்தான் போகிறது. கீழே பார்த்து ஒரு அம்புக்குறிகூட இல்லை. என் காலத்தில் பதினொரு பேர் அந்தப் படத்தின் மேல்தட்டு வரைக்கும் போனார்கள். பதினொரு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். 'புயல்' என்று பெயர் வாங்கியவன் இப்போது எங்கள் அரங்கத்துக்குத் தண்ணீர் கேன் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமை தன் வயதுக்காரர்களோடு வந்து ஆடுகிறான், விழுந்து விழுந்து சிரிக்கிறான். எதற்குச் சிரிக்கிறான் என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

பன்னிரண்டாவது ஆள் என் மகள்.

ஆறடி ஓரங்குலம் இருப்பாள். நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அரங்கத்தில் அவளை ஏணி என்பார்கள். எட்டு வயதில், நான் வேலை முடிக்கும்வரை சும்மா உட்கார வேண்டாமே என்று ஒரு பழைய பந்தைக் கொடுத்தேன். அந்த வகையில் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் நான்தான், குறித்துக்கொள்ளுங்கள். அவளுடைய இடம், வளையத்துக்கு இடது பக்கம், கோட்டிலிருந்து மூன்றாவது மரச்சட்டம். வலது பக்கமிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வருவாள், அங்கே இடது காலை ஊன்றி ஒரே சுழற்சி, எதிராளி எந்தப் பக்கம் மறிப்பது என்று தெரியாமல் நிற்பாள், பந்து உள்ளே. உள்ளங்கை அகலத்துக்கு அங்கே வார்னிஷே இல்லை. பத்தொன்பது வயதுக்குள் ஒரு பெண் மரத்தைத் தேய்த்திருக்கிறாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் அம்மாவைப் பற்றியும் கேட்டீர்கள். பாப்பாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை என்று போனாள். இரண்டே வருடம் என்றாள். இது ஒன்பதாவது வருடம். கணக்கில் அவள் கொஞ்சம் சுமார். மாதம் ஒரு முறை போன் செய்வாள். பேசும்போது பின்னால் ஒரு ஆம்பிளை இருமுகிறார். முதியோர் இல்லம்தானே, இருமத்தான் செய்வார்கள். நான் எதுவும் கேட்டதில்லை.

ஆகவே வீட்டில் நானும் பாப்பாவும்தான். அவள் தலை இடிக்கக் கூடாதென்று சமையலறை வாசல் நிலையை நானே இடித்து உயர்த்தினேன். கட்டில் போதாதென்று கால்மாட்டில் ஒரு பெஞ்சைச் சேர்த்துப் போட்டேன். அந்த வீடு முழுக்க அவள் அளவுக்குச் செய்தது. வேறு ஆளுக்கு ஆகாது.

போன வருடக் கடைசியில் ஏஜென்ட் என்று ஒருவன் வந்தான். வீட்டுக்கு ஆள் பிடித்தால் தரகர், விளையாட்டுக்கு ஆள் பிடித்தால் ஏஜென்ட். அவன் நாக்கில் தேன் தடவிக்கொண்டுதான் வாயைத் திறப்பான்.

"அங்கிள், பாப்பாவ நீங்க சாதாரணமா நினைக்காதீங்க. ஏழு மணி நேர ஃப்ளைட்தான். முதல் நிலை கிளப். மூணு வருஷ ஒப்பந்தம். இந்த ஊர்ல இருந்து ஒரு பொண்ணுகூடப் போனதில்ல."

"போன பசங்க எல்லாம் திரும்பி வந்துட்டாங்களே, தம்பி" என்றேன்.

"அதெல்லாம் பழைய கதை அங்கிள். இவ திரும்பி வர்ற ரகம் இல்ல."

அதை ஆறுதலாகத்தான் சொன்னான், பாவம்.

கிளப்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு உயரமான அம்மாள், மடிக்கணினியோடு. ஒரு மனிதர், அளவு நாடாவோடு. பாப்பாவைச் சுவரோரம் நிறுத்தி, கையை விரிக்கச் சொல்லி, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரைக்கும் அளந்தார்கள். குதிக்கச் சொன்னார்கள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பல்லைத்தான் பிடித்துப் பார்க்கவில்லை. பாப்பா வாயெல்லாம் பல்லாக நின்றாள். மறுநாள் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து என்றார்கள்.

அன்று சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "மூணு வருஷம்தான்பா. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துடுவேன். நீ அதுவரைக்கும் ஒழுங்கா சமைச்சுச் சாப்பிடு, டீயிலயே நாளை ஓட்டாத."

அவள் அம்மா இரண்டு என்றாள். மகள் நேர்மையானவள், மூன்று என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. இதை மட்டும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

ஆனால் நான் செய்ததைப் பயத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். யோசித்துத்தான் செய்தேன். அந்தப் படத்தில் மேலே போகிற அம்புக்குறிகளை நம்பி ஒரு பெண் ஏழு மணி நேரம் பறந்துபோய், இருபத்திரண்டு வயதில் வெறுங்கையோடு திரும்பி வருவதைவிட, ஒரு சுளுக்கோடு வீட்டில் இருப்பது நல்லது. கணுக்கால் சுளுக்கு, ஆறு வாரம். அதற்குள் அந்த அம்மாள் மடிக்கணினியை மூடிக்கொண்டு வேறு ஊர் பார்த்துப் போய்விடுவாள். எந்தத் தகப்பனும் யோசித்துப் பார்த்தால் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்பான்.

சங்கத் தலைவரின் மேஜைக்குப் போடுகிற பாலிஷ் ஒரு டப்பா என் அலமாரியில் எப்போதும் இருக்கும். அந்த மேஜையில் வேலை எதுவும் நடப்பதில்லை, அதனால் நன்றாகப் பளபளக்கும். விளையாட்டுத் தரைக்குப் பக்கத்தில்கூட அந்த டப்பாவைக் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் சட்டென்று தெரியாது, ஷூவுக்கு மட்டும் தெரியும்.

ஆட்டத்தின் முதல் பாதியில் பாப்பா இருபத்திரண்டு புள்ளி எடுத்தாள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், அவள் இடம் இருக்கிற வளையம் இரண்டாம் பாதியில்தான் அவளுக்கு வரும். மீண்டும் விசில் ஊதுவதற்கு முன்னால் ஆட்டக்காரர்கள் எல்லோரும் பெஞ்சுக்குப் போவார்கள். அப்போது தரைக்காரருக்கு இரண்டு நிமிடம். அறுநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதன் குனிந்து தரையைத் துடைத்தால் அறுநூறு பேரும் போனை எடுத்துப் பார்ப்பார்கள். நான் வலது கையில் துண்டும் இடது கையில் சின்ன மஞ்சள் துணியுமாகப் போனேன். பெஞ்சிலிருந்து பாப்பா கத்தினாள்.

"பா, என் எடத்தை நல்லாத் தொடச்சுடுப்பா!"

"தொடச்சுட்டேன் பாப்பா" என்றேன்.

மூன்றாவது கால் பகுதி தொடங்கியதும் எதிரணிப் பெண் ஒருத்தி அங்கே லேசாக வழுக்கினாள். சமாளித்துக்கொண்டு ஓடிவிட்டாள். ஊரார் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் மனசு தாங்கியிருக்காது. நான்காவது நிமிடத்தில் பாப்பா வலது பக்கமிருந்து வந்தாள். காலை ஊன்றினாள். உடம்பு சுழன்றது, கால் சுழலவில்லை. முழங்காலிலிருந்து வந்த சத்தம் எனக்குக் கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாகத் தோன்றியது.

முதலில் ஓடியவன் நான்தான். ஐஸ் பையைக் காலையிலேயே நிரப்பி வைத்திருந்தேன். ஸ்ட்ரெச்சரும் கதவோரம் தயாராக இருந்தது. என் ஏற்பாடுகளைப் பார்த்து மாநிலச் சங்கத்துக்காரர் தோளில் தட்டிக்கொடுத்தார். அவளைத் தூக்கிப் போகிற பரபரப்பில் அந்த இடத்தைப் பாலிஷ் எடுக்கிற கரைசல் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏறினேன். மற்ற பெண்கள் ஆட வேண்டுமே. தரை என் பொறுப்பு.

முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். நான் கணக்குப் போட்டது கணுக்கால். நான் டாக்டர் இல்லையே, இந்த ஒரு விஷயத்தில் என் தவறை ஒப்புக்கொள்கிறேன். வீக்கம் வடிந்த பிறகு ஆபரேஷன் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், அந்த ஆறு வாரம் போல எங்கள் வீடு எப்போதும் இருந்ததில்லை. தோளில் சாய்த்துக் குளியலறைக்குக் கூட்டிப் போவேன். தலை வாரிவிடுவேன். பத்து வயதுக்குப் பிறகு அவள் என்னை வார விட்டதே இல்லை. சில சமயம் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுவாள். அழுதால் மனசு லேசாகும் என்று டாக்டரே சொன்னார், வேறொரு நோயாளியிடம்.

ஒரு நாள் அவளாகவே சொன்னாள்: "என் மேலதான்பா தப்பு. அவசரத்துல காலைத் தப்பா வச்சுட்டேன். உன் தரைமேல யாராவது சொன்னாங்கன்னா நான் சும்மா விடமாட்டேன்."

"விடு பாப்பா, தப்பு எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று சொல்லி அவளை மன்னித்துவிட்டேன்.

நேற்று மதியம் ஏஜென்ட் போன் செய்தான். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"அங்கிள், கிளப் விடல அங்கிள்! ஒரே பாதியில இருபத்திரண்டு எடுத்த பொண்ணு, நாங்க காத்திருக்கோம்னுட்டாங்க. ஆபரேஷன் அங்கயே, அவங்க டாக்டர். ஒன்பது மாசம் அவங்களே பாத்துப்பாங்க. டிக்கெட் போட்டாச்சு!"

நான் தரையைக் கணக்குப் போட்டேன். முதல் பாதியைக் கணக்குப் போட மறந்துவிட்டேன். பாப்பா ஊன்றுகோலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். "வீல் சேர்ல போனா ஏர்போர்ட்ல வரிசையே கெடையாதாம்பா" என்று சிரிக்கிறாள். ஆறு வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் முறை.

உங்கள் எழுத்தர், மனசாட்சி உறுத்தித்தான் வந்தீர்களா என்று கேட்டார். நல்ல மனிதர், நிறைய படிப்பார் போலிருக்கிறது. தலையாட்டி வைத்தேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், எப்படியும் எழுதித் தரச் சொல்லிவிட்டீர்கள். பாலிஷ் போட்டவன் நான். என் மகள் விழ வேண்டும் என்று தெரிந்தே போட்டேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. எந்தப் பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள், வக்கீல் வேண்டாம், ஜாமீன் வேண்டாம்.

என் மகளை எனக்குத் தெரியும். முதலில் கத்துவாள். ஒரு மாதம் முகத்தில் விழிக்க மாட்டாள். ஆனால் அப்பாவைக் கம்பிக்குப் பின்னால் விட்டுவிட்டு விமானம் ஏறுகிறவள் இல்லை, அவள் அம்மா ஜாடை அவளிடம் துளியும் கிடையாது. பிறகு ஒரு நாள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து எதிரே உட்காருவாள். சிறையில் பார்வையாளர் நேரம் வாரத்துக்கு எத்தனை முறை என்று விசாரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவசரமே இல்லை என்றீர்கள், அப்படி இல்லை. இந்தத் தாள்களை இன்றைக்கே அவளிடம் காட்டிவிடுங்கள், விமானம் திங்கட்கிழமை காலை.